யாரு வூட்டுப் பொண்ணு

எங்கள் ஊரில் புதிதாக ஒரு முகத்தைப் பார்த்தால் யாரும் பெயரைக் கேட்க மாட்டார்கள். "யாரு வூட்டுப் பொண்ணு?" என்றுதான் கேட்பார்கள். பதில் வந்ததும் தெரு தெரிந்துவிடும். தெரு தெரிந்தால் ஜாதி தெரிந்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதா, வாசலோடு பேசி அனுப்புவதா என்பது அவரவருக்கே தெரியும். ஜாதியைக் கேட்காமல் நாகரிகமாகத் தெரிந்துகொள்வதாக எங்களுக்கு ஒரு நினைப்பு.

ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர் அது. நான் அங்கேயே பிறந்து, உள்ளூரிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். மேட்டுத் தெருவில் நாங்கள். அடுத்த தெருவில் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலுக்கு வந்தால் தமிழும் பேசுகிற குடும்பங்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி. காலனியிலேயே பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஏரிக்கரை ஓரமாக இருளர் குடும்பங்கள் சில. மனிதர்களில் இத்தனை வகைதான் உண்டு என்று நினைத்து நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

இரண்டாயிரத்து ஆறுக்குப் பிறகு நிலங்கள் கம்பெனிகளுக்குப் போயின. வந்த பணத்தில் என் தம்பி வேன் வாங்கி, கம்பெனி ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்கினான். என் வீட்டுக்காரர் கொல்லையில் வரிசையாக ஆறு வீடு கட்டினார். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, பொதுக் குளியலறை. கட்டி முடிக்கும் முன்பே ஆள் வந்துவிட்டது.

முதலில் வந்தவர்கள் தெற்கத்திப் பிள்ளைகள். திருநெல்வேலி, ராமநாதபுரம், தேனி. ஒரு அறைக்கு ஐந்து பேர். அவர்கள் பேசும் தமிழ் எங்களுக்குப் பாதிதான் புரியும், எங்கள் தமிழைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள். அவர்களிடம் "யாரு வூட்டுப் பையன்?" என்று கேட்டுப் பயனில்லை. எந்தத் தெரு பெயரைச் சொன்னாலும் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. அப்போதே ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கூடிப் பேச ஆரம்பித்தார்கள்.

அதற்கப்புறம் வடக்கேயிருந்து வந்தார்கள். ஒரிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். எங்களுக்கு எல்லாரும் "இந்திக்காரங்க". அவர்களில் பாதிப் பேர் வீட்டில் இந்தி பேசுவதில்லை என்பது யாருக்கு வேண்டும்? கார்களில் வந்து போகிற கொரியாக்காரர்களையும் ஜப்பான்காரர்களையும் பிரித்துப் பார்க்க எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் அசாம்காரப் பையன் ஒருவனை ஏதோ கொரியாக் கம்பெனி மேனேஜர் என்று நினைத்து எங்கள் மளிகைக் கடைக்காரர் "சார், வாங்க சார்" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். அவன் உட்காராமல் ஒரு கட்டு பீடி கேட்டான். நாற்காலி உடனே உள்ளே போய்விட்டது.

எங்கள் மூன்றாவது வீட்டுக்கு 2010-இல் ஒரு ஒரிசாத் தம்பதி குடிவந்தார்கள். அவனுக்கு இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் காண்டிராக்ட் வேலை. அவள் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவினாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் தவழப் பழகியிருந்தது. முதல் வாரம் குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். கம்பெனி கேட்டில் நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்து என் வாசலில் நின்றாள். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு அவள் பாஷை வராது. குழந்தையை நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். எனக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பாப்பா என் வீட்டில்தான் நிற்கப் பழகினாள், என் வீட்டில்தான் பேசப் பழகினாள். அவள் அம்மாவும் ஒரு வருஷத்தில் எங்கள் தமிழைப் பிடித்துக்கொண்டாள், என்னை அக்கா என்று கூப்பிட்டாள். அக்கா என்றால் பாப்பாவுக்கு நான் பெரிம்மா. நான் பெரிம்மா என்றால் என் தம்பி அவளுக்கு மாமா. யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, முறை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. தம்பி வேனை நிறுத்தியதும் "வேன் மாமா" என்று ஓடுவாள். அவனும் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு இறக்கிவிடுவான்.

கடைத்தெருவில் யாராவது அவளை நிறுத்தி, "யாரு வூட்டுப் பொண்ணு நீ?" என்று கேட்பார்கள். நிறம், முகவெட்டு எதுவும் எங்கள் தெருவோடு பொருந்தாதே. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மேட்டுத் தெரு, பெரிம்மா வூட்டுப் பொண்ணு" என்பாள். கேட்டவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு மட்டும் நெஞ்சு நிறைந்துவிடும். ஊரும் ஒருநாள் அதை அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பேராசை எனக்குள் வளர்ந்துகொண்டே இருந்தது. இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வருஷங்களில் நான் சாமியிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

அவளுக்கு மூன்று வயது முடிந்தபோது அவள் அம்மா வந்து, "அக்கா, பால்வாடில எல்லாப் பொண்ணும் கம்மல் போட்டுகினு கீது. பாப்பா அழுவுது. காது குத்தணும். இங்க எப்டி செய்வாங்களோ அப்டியே செய்யலாம்" என்றாள்.

இங்கே எப்படிச் செய்வார்கள்? பெண்ணின் அம்மாவோடு பிறந்தவன் வர வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காதில் ஊசி படும். அவளுடைய சொந்தத் தம்பி எங்கோ சூரத்தில் துணி மில்லில் இருந்தான், ஐந்து வருஷமாக முகமே பார்க்கவில்லை என்றாள். அதனால் என்ன, என் தம்பி இருக்கிறானே என்றேன். தம்பியிடம் போய்ச் சொன்னேன். "அதுக்கின்னாக்கா, உக்காந்துட்டாப் போச்சு" என்றான். படப்பையிலிருந்து வந்து காது குத்துகிற பத்தருக்குச் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி பெண்டாட்டி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"அண்ணி, உங்களுக்குப் புள்ள ஆசை, புரியுது. அதுக்காவ என் புள்ள தலையில கை வெப்பீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே விளக்கினாள். அவள் புருஷன் மடியில் உட்கார்ந்தால் பாப்பாவுக்கு அவன் தாய்மாமன் ஆகிவிடுவான். தாய்மாமன் என்றால் அவன் பிள்ளை அவளுக்கு முறைப்பையன். நாளைக்கு ஊரே "முறைப்பொண்ணு, முறைப்பொண்ணு" என்று சொல்லும். "எந்த ஊரு, இன்னா ஜாதின்னே தெரியாத இந்திக்காரப் பொண்ண என் புள்ளைக்கு முறைன்னு கொண்டாந்து நிறுத்துவீங்களா? நாளைக்கு எவன் என் புள்ளைக்குப் பொண்ணு குடுப்பான்?"

அவள் பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. "உன் புள்ளைக்கு மூக்குல வழியறத தொடைச்சிக்கத் தெரியல. அதுக்குள்ள பந்தல்கால் நட்டுட்டியா?" என்று கேட்டேன். இன்னும் நாலு வார்த்தை கேட்டேன், அவை அச்சில் ஏறக்கூடியவை அல்ல. ஆனால் அவள் பயம் பொய்யில்லை என்று எனக்கே தெரிந்தது. எங்கள் ஊரில் வெறும் பேச்சுக்கு மாமா என்று கூப்பிட்டால் தப்பில்லை. மடியில் உட்கார்ந்துவிட்டால் அது முறை. அதற்கப்புறம் அதை யாராலும் அழிக்க முடியாது. நான் அந்தச் சடங்கின் மேல் அவ்வளவு ஆசைப்பட்டதும் அதனால்தானே.

வெள்ளிக்கிழமை காலை கொல்லையில் பாய் விரித்து, தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, வெல்லம் எல்லாம் வைத்துவிட்டோம். பாப்பா பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, "வேன் மாமா எங்க?" என்று வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். வேன் வரவில்லை. போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. தெருவில் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். தெலுங்குத் தெருவிலிருந்து ஒருவர், மாதா கோயில் பக்கத்து டீச்சரம்மா, இன்னும் சிலர்.

பத்தர் பொறுத்துப் பார்த்தார். "தாய்மாமன் மடியில உக்காந்தாத்தாம்மா நான் ஊசியத் தொடுவேன். எனக்குப் பாவம் வேணாம்" என்று பையைச் சுருட்டினார். பாப்பாவின் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் அம்மா என்னைப் பார்த்தாள். எதனால் தம்பி வரவில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று வருஷமாக எங்கள் ஊரில் இருக்கிறாள் இல்லையா?

அப்போதுதான் ஐந்தாவது வீட்டுத் திருநெல்வேலிப் பையன் நைட் ஷிப்ட் முடிந்து வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பாக்ஸ், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "யக்கா, என்ன எல்லாரும் எழவு வீடு மாதிரி நிக்கிய?" என்றான். சொன்னேன். டிபன் பாக்ஸைச் சுவரோரம் வைத்துவிட்டு, குழாயில் கால் கழுவிக்கொண்டு வந்து பாயில் சம்மணம் போட்டான். "நான் உக்காருதேன். ஏட்டி, வா இங்க."

பத்தர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாருப்பா இந்தப் பொண்ணுக்கு?"

"மாமன்" என்றான். அவ்வளவு சுலபமாகச் சொன்னான்.

ஊசி இறங்கியபோது பாப்பா அலறினாள். அவள் வாயில் வெல்லத்தைத் திணித்துவிட்டு அவன் அவளைவிடச் சத்தமாக அழுவதுபோல் நடித்தான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் அழுதேன். கூட்டத்தில் ஒருத்தி, "திருநெல்வேலியான் மாமன், ஒரிசாக்காரி அம்மா, நல்லா கீதுடி உன் குடும்பம்" என்றாள். "நல்லாத்தான் கீது, நீயும் வந்து சேர்ந்துக்கோ" என்று சொல்லி வாழைப்பழத்தை அவள் கையில் வைத்தேன். டீச்சரம்மா மட்டும் பாப்பாவின் தலையில் கை வைத்து முணுமுணுவென்று ஜெபம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே தம்பி பெண்டாட்டி பாப்பாவைத் தெருவில் பிடித்து, "மாமான்னு கூப்புட்ற வேலையெல்லாம் வெச்சிக்காத" என்று சொல்லியிருக்கிறாள். குழந்தை கெட்டிக்காரி. மறுநாள் வேன் வந்து நின்றதும் ஓடவில்லை. தூரத்திலிருந்தே, "வேன்காரே, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். கம்பெனிப் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டிருப்பாள். தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். நான் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவளுக்கு அவன் வேன்காரர்தான். அவனிடம் நான் பேசினேன், சாப்பாடு போட்டேன், சண்டையும் போட்டேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை.

திருநெல்வேலிப் பையன் மாமன் வேலையைச் சரியாகச் செய்தான். தீபாவளிக்குப் பாவாடை சட்டை, பொங்கலுக்கு ஊரிலிருந்து பனங்கிழங்கு. அவனுக்கும் சூப்பர்வைசருக்கும் ஆகாது என்பான், ஓவர்டைம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பான்.

பிறகு செல்போன் பாகம் செய்கிற கம்பெனிகளில் வேலை குறைந்தது. காண்டிராக்ட் ஆட்களையும் டிரெய்னிகளையும்தான் முதலில் அனுப்பினார்கள். எங்கள் ஆறு வீடுகளில் ஒவ்வொன்றாகப் பூட்டுத் தொங்கியது. 2015 தொடக்கத்தில் மாமன்காரன் திருப்பூருக்குப் போனான். போகும்போது பாப்பாவுக்கு ஒரு சிவப்புப் பள்ளிக்கூடப் பை வாங்கிக் கொடுத்து, "ஒண்ணாங்கிளாசு போவும்போது போட்டுக்கிட்டுப் போணும், என்னட்டி?" என்றான். அவள் அன்றிலிருந்து அதை முதுகிலிருந்து இறக்கவில்லை.

அவள் அப்பாவுக்கும் வேலை போனது. இரண்டு மாதம் கட்டிட வேலைக்குப் போய்ப் பார்த்தான். ஒருநாள் சாயங்காலம் இருவருமாக வந்து என் முன்னால் நின்றார்கள். ஊருக்குப் போய்விடுகிறோம் என்றார்கள். பாப்பாவை இங்கேயே பள்ளியில் சேர்க்கிறேன், லீவுக்கு வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அதைச் சொல்வதற்கு எத்தனையோ நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஊர்லருந்து அவங்க ஆயா போன்ல எங்க பாஷைல பேசுனா பாப்பாக்குப் புரியல. அந்தக் கெயவி அயுவுது. இங்கயும் எங்கள இந்திக்காரங்கன்றாங்க. இவ எந்த ஊருப் பொண்ணா இருப்பா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர்த் தமிழில், எங்கள் ஊர்க்காரியைப் போலவே சொன்னாள்.  என் வீட்டுப் பொண்ணா இருப்பா என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் என் வீட்டிலிருந்து ஒரு மடி கிடைக்கவில்லையே? எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்?

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு என் தம்பிதான் வேனில் கொண்டுபோய் விட்டான். நான் கேட்கவில்லை, அவனே வாசலில் வந்து நின்றான். அங்கிருந்து லோக்கல் வண்டியில் போய் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே சென்ட்ரலில் ஒரிசா டிரெயின் ஏற வேண்டும். மத்தியான வெயில். முந்தின ராத்திரி பாப்பா சரியாகத் தூங்கவில்லை. பிளாட்பாரம் பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவள் முதுகில் சிவப்புப் பையோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

"வேன்காரே, தூக்கம் வருது. மடில உக்காந்துக்கவா?"

அனுமதி கேட்டாள். ஐந்து வயசுக் குழந்தை.

அவன் பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவள் உடனே தூங்கிப்போனாள். காதில் அந்தச் சின்னக் கம்மல், வேர்வையில் ஒட்டிய முடி. முதல் வண்டி வந்தது. அவள் அப்பா மூட்டையைத் தூக்கினான். தம்பி, "இருப்பா, கொயந்த தூங்குது. அடுத்த வண்டில போவலாம்" என்றான். அடுத்த வண்டியும் வந்தது. "நேரம் கீது, இரு" என்றான். ஈ உட்காராமல் அவள் முகத்துக்கு மேல் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். மூன்றாவது வண்டி வரும்போது அவள் அப்பா, "அண்ணா, சென்ட்ரல்ல டிரெயின் பூடும்ணா" என்று கெஞ்சினான். அவள் அம்மா குனிந்து தம்பியின் மடியிலிருந்து குழந்தையை எடுத்தாள். அது விழிக்கவே இல்லை. என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லாமலே போய்விட்டது. பையை நான் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது தம்பி ஒரகடம் மேம்பாலம் தாண்டியதும் வேனை ஓரமாக நிறுத்திவிட்டான்.

"அன்னிக்கே உக்காந்துருக்கலாம்க்கா" என்றான்.

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "வண்டிய எடு, வூட்ல வேலை கீது" என்றேன். வீட்டில் ஒரு வேலையும் இல்லை.

முதல் மாதம் போனில் பாப்பா நிறையப் பேசினாள். அவளைவிட அவள் அம்மாதான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அங்கே ஊர்க் குழாயடியில் புதுப் பெண்ணைப் பார்த்து யாரோ அவர்கள் பாஷையில் நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்டார்களாம். எல்லா ஊரிலும் இதே கேள்விதான் போலிருக்கிறது. இவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மேட்டுத் தெரு, பெரிம்மா வூட்டுப் பொண்ணு" என்று தமிழில் சொன்னாளாம். அங்கே ஒருவருக்கும் புரியவில்லையாம்.

போகப் போகப் பேச்சு குறைந்தது. பாப்பாவுக்கு வார்த்தைகள் மறந்தன. போனைக் கொடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், பிறகு ஓடிவிடுவாள். நான் பேசுகிற நாட்களில் தம்பி எப்படியோ மோப்பம் பிடித்து வந்து கொல்லைப் படியில் உட்கார்ந்திருப்பான். கிட்டே வரமாட்டான். அந்த வருஷக் கடைசியில் ஒருநாள் நான் போனை வைத்ததும் எழுந்து வந்தான்.

"என்னப் பத்தி எதனா கேட்டுச்சாக்கா?"

"கேட்டாடா. மாமா எப்டி கீறாருன்னு கேட்டா" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டே வேன் பக்கம் போனான். பாப்பா அன்று போனுக்கே வரவில்லை.